நீ ஆசுபத்திரி வாசல் மிதித்திருக்கிறாய்

சுந்தரா, வசந்தியின் கடிதம் நேற்று மதியம் வந்தது. கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கும்போதே மாமியாருக்குத் தனியாகக் கடிதம் எழுதுகிற பெண்ணை எனக்குப் பிடித்துவிட்டது. டீச்சரின் எழுத்து, குண்டு குண்டாக இருந்தது, கண்ணாடி இல்லாமலே வாசித்தேன். "அவர் பிறந்ததிலிருந்து ஆசுபத்திரி வாசலே மிதித்ததில்லை, எல்லாம் அம்மாவின் கைப்பக்குவம் என்று சொன்னார். அந்தச் சாப்பாட்டையும் கைமருந்தையும் எழுதி அனுப்புங்கள், ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொள்கிறேன்" என்று கேட்டிருக்கிறாள். பதில் எழுத உட்கார்ந்தேன். சுக்கு, மிளகு, கற்பூரவல்லி என்று அரைப் பக்கம் போனது. அதற்கு மேல் கை ஓடவில்லை. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை உனக்கு எழுதுகிறேன். மலையாளம் ஓடுகிற வேகத்தில் உனக்குத் தமிழ் ஓடாது, எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய். நல்லதுதான். இதை மெதுவாகவே வாசி. நீ அவளிடம் பொய் சொல்லவில்லை, உனக்குத் தெரிந்ததைச் சொன்னாய். பொய் என்னுடையது.

நீ பிறந்தபோது மட்டாஞ்சேரியில் கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த வரிசை வீடுகளில் இருந்தோம். ஆறு வீட்டுக்கும் சேர்த்து ஒரு குழாய், ஒரு கக்கூஸ். வாசலுக்கு எதிரே தோடு. அதைக் கால்வாய் என்று சொன்னால் உன் அப்பாவுக்கே புரியாது. அப்பாவுக்கு அப்போதும் கார்ப்பரேஷனில் கொசு ஒழிக்கிற வேலைதான். முதுகில் டப்பாவைக் கட்டிக்கொண்டு பள்ளுருத்தி, சுள்ளிக்கல் என்று தோடு தோடாக எண்ணெய் தெளித்துவிட்டு, அந்த வாடையோடு வீட்டுக்கு வருவார். அரிசி சரியாகக் கிடைக்காத காலம். ரேஷனில் கோதுமை கொடுத்தால் பக்கத்து வீட்டுப் பெண்கள் அதை என்ன செய்வது என்று தெரியாமல் என்னிடம் வருவார்கள். நான் அதை ஊறவைத்து இடித்துக் கஞ்சி வைப்பேன். கப்பைக்கிழங்கைப் புழுக்கி, சாளை மீனைக் குடம்புளி போட்டுக் குழம்பு வைப்பேன். சிறுபயற்றை ஈரத்துணியில் முடிந்து முளைகட்டுவேன். முருங்கைக்கீரை இல்லாத நாள் நம் வீட்டில் கிடையாது. கிடங்கு முற்றத்தில் நின்ற முருங்கை மரத்தில் நான் எட்டுகிற உயரத்துக்கு ஒரு இலை இருக்காது. கையில் காசு குறைவாக இருந்தாலும் பிள்ளையின் தட்டு நிறைவாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஒரு வெறி இருந்தது. அதை இப்போதும் தப்பென்று சொல்ல மாட்டேன்.

தப்பு அதற்குப் பிறகு வந்தது. சளி பிடித்த குழந்தைக்குக் கற்பூரவல்லி இலையை வாட்டிப் பிழிந்து கொடுத்தால் ஆறுதலாக இருக்கும், வயிறு உப்பிய குழந்தைக்கு ஓமத் தண்ணீர் நல்லது. இது எல்லா வீட்டிலும் தெரிந்த சங்கதிதான். ஆனால் நான் சொல்லிச் செய்து நாலு குழந்தைகளுக்குச் சரியானதும், வரிசையில் என் பேச்சுக்கு ஒரு மதிப்பு வந்துவிட்டது. பத்திரிகையில் வருகிற ஆரோக்கியப் பக்கங்களை வெட்டி ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்துவைத்திருந்தேன். யாராவது குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தால் டப்பாவைத் திறக்காமலே பதில் சொல்வேன். "ஆசுபத்திரிக்கா? அதுக்கு முன்னே என் கஷாயத்தைக் குடுத்துப் பாருங்க" என்பேன். அதைச் சொல்லும்போது நெஞ்சு நிமிரும். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய எனக்கு வேறு எதற்கும் அப்படி நிமிர்ந்ததில்லை.

உனக்கு நாலரை வயதிருக்கும். விளையாடப் போனவன் பாதியில் திரும்பி வந்து சுவரில் சாய்ந்து உட்கார ஆரம்பித்தாய். அரிசிப் பானையில் கை விட்டுப் பச்சரிசியை அள்ளித் தின்பாய். ஒரு நாள் சுவர்ச் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்றதைப் பார்த்து முதுகில் ஒன்று வைத்தேன். அந்த அடி இன்னும் என் கையில் இருக்கிறது. உடம்பில் சத்துப் போதவில்லை என்று நினைத்து முருங்கைக்கீரையை இரட்டிப்பாக்கினேன். ஈரல் வாங்கி மிளகு போட்டு வறுத்தேன், பேரீச்சம்பழம் ஊறவைத்தேன். புழு கிழு இருக்குமோ என்ற நினைப்பே வரவில்லை. சனிக்கிழமை தவறாமல் வேப்பங்கொழுந்து அரைத்து உருட்டி உன் தொண்டையில் தள்ளுகிறவள் அல்லவா நான். உன் அப்பா ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

"அவனுக்கு ஒரு செருப்பு வாங்கணும். தோட்டு ஓரத்து மண்ணு சரியில்ல. பிள்ளைங்க எல்லாம் அங்கேதான் வெளிக்கி இருக்குது, அங்கேயேதான் ஓடிக் களிக்குது. நாங்க தினம் பாக்கறமில்லே."

"நீங்க தோட்டைப் பாருங்க. அடுப்பை நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அவர் மோரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோனார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டதில்லை. இந்தக் கடிதத்தை முடித்ததும் அவருக்கு வாசித்துக் காட்டப் போகிறேன்.

பிறகு உன் முகம் பூரிக்க ஆரம்பித்தது. கன்னம் உருண்டது, காலும் கையும் குண்டாயின. என் சந்தோஷத்தைக் கேட்காதே. ஈரலும் கீரையும் வேலை செய்துவிட்டன என்று உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் காட்டினேன். கடைசி வீட்டில் லில்லி சேச்சி இருந்தார். ஆசுபத்திரியில் ஆயா வேலை, என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அப்போதுதான் வேலை முடிந்து வந்து வாசலில் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருந்தார். "பாத்தீங்களா சேச்சி, என் சாப்பாடு உடம்பில பிடிச்சிருச்சு" என்றேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். உன் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். பிறகு உன் புறங்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தார். விரல் இருந்த இடம் பள்ளமாகவே நின்றது. மாவில் அழுத்தின மாதிரி. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், அது மேலே வரவில்லை.

"மோளே, இது தடியில்ல. நீரு. குட்டிக்கு ரத்தமே இல்ல. நாளைக்குக் காலையில என்கூடக் கொண்டு வா, ஞான் டாக்டர்கிட்ட காட்டித் தராம்."

"நாலு நாள் கொள்ளுத் தண்ணி குடுத்துப் பாக்கறேன் சேச்சி. நீரு வடிஞ்சிரும்."

"நாலு நாள் வேண்டாம் மோளே" என்றார் அவர். குரலை உயர்த்தவே இல்லை.

நான் போகவில்லை, சுந்தரா. இதை எழுதத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்திருக்கிறேன். உண்மையாகவே நாலு நாள் கொள்ளுத் தண்ணீர் கொடுத்தேன். லில்லி சேச்சி சொன்னது எனக்கு நன்றாகப் புரிந்தது. ஆனால், உன்னைத் தூக்கிக்கொண்டு ஆசுபத்திரியில் நிற்பதை நம் வரிசை வீட்டுப் பெண்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்பது அதைவிட நன்றாகப் புரிந்தது. ஐந்தாம் நாள் விடியற்காலை, வேறு யாரும் எழுந்து வராத நேரத்தில், குழாயடியில் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவன் அப்படியே சரிந்தாய். குடம் உருண்டது. உன் உதடு வெள்ளைக் காகிதம் மாதிரி இருந்தது. அப்பா வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். டப்பாவைக் கழற்றி எறிந்துவிட்டு உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். லில்லி சேச்சியும் நானும் பின்னால் ஓடினோம். எனக்குத் தலைமுடி முடியக்கூட நேரமில்லை.

டாக்டர் சின்ன வயதுப் பெண். தமிழும் மலையாளமும் கலந்து பேசினார். நீ என்னவெல்லாம் சாப்பிட்டாய் என்று கேட்டார். முருங்கைக்கீரை, ஈரல், முளைகட்டின பயறு, முட்டை என்று நான் ஒப்பித்தேன். அப்போதுகூட, பாராட்டுவார் என்று மனதின் ஒரு மூலை எதிர்பார்த்தது.

"அம்மா, நீங்க குடுக்கற சாப்பாட்டுல ஒரு குறையும் இல்ல. பக்ஷே அதைச் சாப்பிடறது இவன் மட்டும் இல்ல" என்றார். கொக்கிப்புழு. அசுத்தமான ஈரமண்ணில் இருந்து, செருப்பில்லாத கால் வழியாகத் தோலுக்குள் ஏறி, குடலில் கடித்துத் தொங்கிக்கொண்டு ரத்தத்தைக் குடிக்கும் என்று பொறுமையாகச் சொன்னார். "வேப்பங்கொழுந்து குடுத்தேனே" என்றேன். "அது போதாது" என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

உனக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. என் ரத்தத்தைப் பாருங்கள் என்று முதலில் கையை நீட்டியது நான்தான். சேரவில்லை. அப்பாவுடையது சேர்ந்தது. அவர் படுத்துக்கொண்டு, கையை மடக்கி விரித்துக்கொண்டே, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். செருப்பைப் பற்றி அன்றும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. பதினொரு நாள் அங்கே இருந்தோம். மூன்றாம் நாள் உன் காதுமடலில் லேசாகச் சிவப்பு தெரிந்தபோது லில்லி சேச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் எங்கிருந்தோ ஒரு பன் கொண்டுவந்து பாலில் நனைத்து உனக்கு ஊட்டினார். நீ இன்னொன்று கேட்டாய்.

திரும்பி வந்தபோது குழாயடியில் கேட்டார்கள். பாலக்காட்டில் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தோம், பையனுக்கு இடம் மாறினது நல்லதாயிற்று என்று சொன்னேன். யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்துவிட்டது. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். லில்லி சேச்சி என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார். ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் அதற்குச் சோறு போட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. நீயும் அதையே கேட்டு வளர்ந்தாய். "பாலக்காட்டுச் சித்தி வீட்டில தின்ன பன்னு மாதிரி இங்கே எங்கேயும் கிடைக்காது" என்று போன ஓணத்துக்குக்கூட நீ சொன்னாய். சித்தி முழித்தாள். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். அது சித்தி வீடு இல்லை, சுந்தரா. அந்தப் பன் லில்லி சேச்சி கொடுத்தது.

அப்பா உனக்கு ரப்பர் செருப்பு வாங்கி வந்தார். இரண்டே நாளில் ஒற்றைச் செருப்பைத் தோட்டில் படகாக விட்டாய். இரண்டாம் ஜோடியும் அப்படியே போனது. மூன்றாம் ஜோடியைச் சணலால் கணுக்காலோடு கட்டிவிட்டார். பிள்ளைகள் எல்லோரும் உன்னைச் சுற்றி நின்று சிரித்தார்கள். அவர் தன்கூட வேலை செய்கிற இரண்டு பேரைக் கூட்டிவந்து கக்கூஸுக்குப் புதுக் கதவு போட்டு, உள்ளே சின்னப் பிள்ளைகள் உட்காருவதற்கு ஏற்றபடி செங்கல் வைத்துக் கொடுத்தார். நான் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் கொடுப்பதை அன்றோடு நிறுத்தினேன். மரத்தூள் அடுப்பில் சீரகத் தண்ணீர் எந்நேரமும் சூடாக இருக்கும். சோப்புப் போட்டுக் கை கழுவாதவனுக்குத் தட்டு வராது. வெளியே பார்க்கிறவர்களுக்கு நான் பழைய கைராசிக்காரிதான். ஆனால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு யாராவது வந்தால், கஷாயம் சொல்வதற்கு முன்னால் இரண்டு தரம் யோசிப்பேன்.

இரண்டு மழைக்காலம் கழித்து அடுத்த வீட்டுச் செல்வி வந்தாள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள், இருபது வயதுகூட இருக்காது. மகளை இடுப்பில் வைத்திருந்தாள். குழந்தை வெளுத்து, கன்னம் பூரித்திருந்தது. "அக்கா, உங்க பையனைக் கீரை குடுத்தே தேத்திட்டீங்களாமே. எனக்கும் அதைச் சொல்லிக் குடுங்க" என்றாள். நான் குழந்தையின் காலைப் பிடித்து அழுத்தினேன். பள்ளம் விழுந்தது. கதவைச் சாத்திவிட்டு அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். சுண்ணாம்பு தின்றதற்கு அடித்தது, வீடு வீடாகக் காட்டினது, கொள்ளுத் தண்ணீர், பாலக்காடு, எல்லாம். சொல்லி முடித்ததும் அவள் என் முகத்தில் காறித் துப்புவாள் என்றுகூட நினைத்தேன். அவள் குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள்.

"எனக்கு மலையாளம் சரியா வராது அக்கா. நீங்க கூட வருவீங்களா?" என்றாள்.

போனேன். அந்த ஆசுபத்திரியில், நம் வரிசை வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் பார்க்க, செல்வியின் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நான் நின்றேன். வானம் இடிந்து விழவில்லை. குழந்தைக்கு மாத்திரையும் டானிக்கும் போதுமாக இருந்தது, ரத்தம் ஏற்றுகிற அளவுக்குப் போகவில்லை. அவள் அன்றைக்கே வந்ததுதான் காரணம். அந்தப் பெண் இப்போது காலேஜில் படிக்கிறாள், உன் கல்யாணத்துக்கு என்ன சேலை கட்டுவது என்று தினம் வந்து கேட்கிறாள். அதற்குப் பிறகு யார் வந்தாலும் கஷாயம் வைத்துக் கொடுத்தேன், கூடவே லில்லி சேச்சியிடமும் அனுப்பினேன். ஆனால் செல்வியிடம் சொன்னதை மற்றவர்களிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. உன்னிடம் சொல்ல இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

இதையெல்லாம் படித்துவிட்டுக் கைமருந்தும் கீரையும் வீண் என்று நினைத்துவிடாதே. அப்பாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்த வருடம் உனக்கு நினைவிருக்கும், நீ பத்தாவது முடித்திருந்தாய். அந்தத் தடவை நான் முதல் நாளே டாக்டர் முன்னால் உட்கார்ந்து, எதைக் கொடுக்கலாம், எதைக் குறைக்கலாம் என்று எழுதிக்கொண்டு வந்தேன். மாத்திரை டாக்டருடையது, தட்டு என்னுடையது என்று பிரித்துக்கொண்டோம். அவருக்கு மட்டும் தனியாகச் சமைத்தால் மனிதர் குறுகிப்போவார் என்று எல்லோருக்கும் அதே சாப்பாடு வைத்தேன். சோற்றைக் குறைத்து வாழைத்தண்டு, பாவக்காய், பயறு, கோதுமைக் கஞ்சி. நீ முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டு, முக்குக் கடையில் பொறோட்டா தின்றுவிட்டு வருவாய். சட்டையில் வாசம் அடிக்கும், நான் கேட்க மாட்டேன். அப்பா அதைவிடப் பெரிய ஆள். சுள்ளிக்கல் சாயாக்கடையில் தினம் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் குடித்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் நீங்கள் இரண்டு பேரும் ஒரே கடையில் முட்டிக்கொண்டு, ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுப்பதில்லை என்று பேசிவைத்ததை அவரே அடுத்த வாரம் என்னிடம் சொல்லிவிட்டார். அவரால் ஒன்றை மறைத்து வைக்க முடியாது. என்னால் முடியும். இந்த வீட்டில் அதுதான் வித்தியாசம். இப்போது காலையில் நாங்கள் இரண்டு பேரும் கடற்கரை வரை நடந்துவிட்டு வருகிறோம். அவர் கால் நன்றாக இருக்கிறது, கண் நன்றாக இருக்கிறது. திரும்பி வரும்போது வழியில் கீரை வாங்கி அவரே ஆய்ந்து கொடுக்கிறார். எனக்கு வேறென்ன வேண்டும்.

வசந்திக்கு அவள் கேட்டதை அனுப்புகிறேன். ஆனால் அந்த நோட்டை நீயும் வைத்துக்கொள். அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்கு முன்னால் உன் பட்டறை விட்டுவிடும் என்று நீதான் சொன்னாய். வந்ததும் பயற்றை அடுப்பில் போடு. மீன் ஆய உனக்குத் தெரியும். நீ வேலை பார்க்கிற கோயம்புத்தூரில் சாளை கிடைத்தாலும் இங்கத்திய சாளை மாதிரி இருக்காது, அதற்காக ஏங்கிக்கொண்டிருக்காதே. அங்கே கம்பும் சோளமும் நன்றாகக் கிடைக்கும், அவளுக்கு அதைச் செய்யத் தெரியும், நீ கற்றுக்கொள். சாப்பாட்டைப் பற்றி நான் பேசினதைவிட அப்பா ஒரு செருப்பைப் பற்றிச் சொன்னது பெரிதாக இருந்தது. அதனால் உன் வீட்டில் சமையலைப் பற்றி யார் என்ன சொன்னாலும், சமைக்கத் தெரியாதவர் சொன்னாலும், காது கொடுத்துக் கேள். இந்தக் கடிதத்தை அவளுக்கும் வாசித்துக் காட்டு. உன் வாயால் அவள் தெரிந்துகொள்ளட்டும். மாமியாரைப் பற்றி முதலில் இதைத் தெரிந்துகொண்டு வந்தால் அவளுக்கும் எனக்கும் நடுவே எதையும் காப்பாற்றிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

உன் மேல் எனக்கு இருக்கிற நம்பிக்கையில் ஒன்று மட்டும் கேட்கிறேன். எனக்கும் வயதாகிக்கொண்டு வருகிறது. இவ்வளவு எழுதிவிட்டாலும் என் சுபாவம் எனக்குத் தெரியும். ஒரு நாள் எனக்கு ஏதாவது வரும். மூச்சு வாங்கும், அல்லது கால் வீங்கும். அப்போது உனக்கு ஒரு கார்டு போடுவேன், 'ஒன்றுமில்லை, இஞ்சி தட்டிப் போட்டுக் குடிக்கிறேன், நீ லீவு எடுத்து வர வேண்டாம்' என்று எழுதுவேன். அதை நம்பாதே, சுந்தரா. அன்றைக்கே ரயில் ஏறு. வந்து, நான் என்ன சொன்னாலும் கேட்காமல், என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போ.

அம்மா